மறைத்து உருட்டிய பகடை

மார்ச் 3, ஞாயிறு

இல்லை, பொழுதுபோக்கு என்று சொல்ல மாட்டேன். தம்பியின் குரலைக் கேட்க எனக்கிருக்கும் ஒரே வழி இந்த இணையக் கதை ஆட்டம். அப்பாவின் சாவுக்கு அவன் வராததைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னேன். அதன் பிறகு ஃபோன் இல்லை. ஆனால் ஞாயிறு நான்கு மணிக்கு அவன் ஊரிலிருந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறான்.

நான் கதையை நடத்துவேன். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ், பூட்டுத் தொழில் செய்யும் பூட்டுக்காரர், தம்பி – மூவரும் கதையில் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். எதிரிகளின் பகடையை நான் மட்டும் பார்ப்பேன்.

இன்று பூட்டுக்காரரின் பாத்திரமான திருடன் மறுபடி தோற்றான். "தொழில்ல நான் திறக்காத பூட்டே இல்ல. இங்க ஒரு தகரப்பெட்டி என்னைக் கேலி பண்ணுது." தம்பி சிரித்தான்.

மார்ச் 6

நான் எழுதிய ஆட்ட விதிகளின் பதினோராம் திருத்தம். காயம் ஆறும் நாட்களைக் குறைத்தேன். யாருக்காக என்று எழுத வேண்டியதில்லை.

மார்ச் 10, ஞாயிறு

நர்ஸ் கேட்டேவிட்டார். "ரெண்டு வருஷமா ஒருத்தரும் சாகல. எங்க வார்டுல கூட இவ்வளவு பேர் பிழைக்கிறதில்லீங்க." எல்லாப் பகடையும் எல்லோர் திரையிலும் விழட்டும் என்றார். தம்பிதான் முதலில் சரி என்றான். தன் பாத்திரமான ஈட்டிக்காரன் இத்தனை சண்டையில் தப்பியது தன் சாமர்த்தியத்தால் என்று நம்புகிறவன்.

ஏழு முறை. ஏழு முறை அவன் செத்திருக்க வேண்டும். விழுந்த எண்ணை மாற்றிச் சொன்னேன்.

மறுக்க என்ன காரணம் சொல்வது? சரி என்றேன்.

மார்ச் 17, ஞாயிறு

பாலத்துக் காவலனின் கோடாலி. இருபது முகப் பகடையில் இருபதே விழுந்தது. நான்கு பேரும் பார்த்தோம். ஈட்டிக்காரன் கதை முடிந்தது.

புதுப் பாத்திரம் செய்துகொள் என்றேன். ஆற்றில் விழுந்தவன் கரையேறலாம் என்றுகூடச் சொன்னேன். தம்பி கேட்டான்:

"திறந்து உருட்டுன முதல் வாரமே செத்துட்டேன். இத்தன நாளா நீ மாத்திச் சொன்னியா, அக்கா?"

விதிகள் இருந்த கோப்பைத் திறந்தேன், மூடினேன்.

"அப்பாகிட்ட எனக்காகப் பொய் சொல்வியே, அதே மாதிரி. இவன் எதுக்கும் ஆக மாட்டான்னுதானே?"

அப்படியில்லடா. நீ வராமப் போயிடுவியோன்னு – இங்கே எழுதி என்ன பயன்? அங்கே சொல்லவில்லை. அவன் பெயருக்குப் பக்கத்திலிருந்த பச்சைப் புள்ளி அணைந்தது.

மார்ச் 18

ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

மூன்று பேர். விளையாடவில்லை. நர்ஸ் மன்னிப்புக் கேட்டார். அவர் மேல் என்ன தவறு? ஒரு நியாயமான விதியைக் கேட்டார். நான் எழுதியவற்றிலேயே நியாயமானது அது ஒன்றுதான், அதுவும் என்னுடையதில்லை.

ஏப்ரல் 2

பன்னிரண்டாம் திருத்தம். ஒரு வரிகூட எழுதவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

தம்பி வேறொரு குழுவில் சேர்ந்திருக்கிறான். நடத்துபவர் முன்பின் தெரியாத யாரோ. பூட்டுக்காரருக்கு மட்டும் எழுதியிருக்கிறான். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மூணு வாரத்துல ரெண்டு தடவ செத்துட்டானாம்மா. சந்தோஷமா இருக்கான்."

அங்கேயும் ஞாயிறு நான்கு மணிதானாம்.

எங்கள் ஆட்டத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றினேன். நேரத்தை அவனுக்கும் அனுப்பினேன்.