நகர்த்திப் போட்ட நாற்காலி

மார்ச் 3

அக்கா,

நல்லா இருக்கியான்னு கேட்டா செருப்பைக் கழட்டுவ. அதனால கேக்கல. போன் பண்ணினா மாமா எடுத்து "அவ குளிக்கிறா"ங்கிறார். நாலு வாட்டியும் குளிச்சுட்டா இருந்த? அதான் எழுதுறேன்.

உனக்கு வேலை போனதுக்குக் காரணம் நான்தான்.

"ஏதோ காலேஜ் ஆராய்ச்சி, சலவைக் கம்பெனில வேலை பாக்குற பொம்பளைங்க எட்டு பேரை வட்டமா உட்கார வச்சு பேச விடுவாங்க, பேரெல்லாம் கேக்க மாட்டாங்க, நம்பர்தான், யார் காதுக்கும் போகாது"ன்னு சொல்லி உன்னைக் கூட்டிட்டு வந்தேன்ல? காலேஜும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நான் வேலை பாக்குற ஆய்வு ஆபீசுக்குக் காசு குடுத்து இதைப் பண்ணச் சொன்னதே உன் கம்பெனிதான். ஆளுங்க ஏன் வேலைல நிக்க மாட்டேங்கிறாங்கன்னு தெரியணுமாம். அன்னைக்கு ஒரு ஆள் குறைஞ்சுது. சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வரக்கூடாதுன்னு ரூல் இருக்கு. நான் எந்த ரூலை மதிச்சிருக்கேன்?

ஒரு பெரிய கண்ணாடில நீ கொண்டைய சரி பண்ணிக்கிட்ட, ஞாபகமிருக்கா? அதுக்குப் பின்னால ஒரு ரூம். அங்கேர்ந்து பாத்தா அது ஜன்னல். கம்பெனி ஆளுங்களோட நானும் அங்க உட்கார்ந்து குறிப்பு எழுதிட்டிருந்தேன்.

எல்லாரும் "வேலை பரவால்லீங்க, சம்பளம்தான் லேட்டு"ன்னு ஒரே பாட்டு. ஒருத்தி சொன்னதையே அடுத்தவளும் சொன்னா. கேள்வி கேட்டுட்டிருந்த மேடம் முகம் செத்துப் போச்சு. நான் பெரிய புத்திசாலி ஆச்சே! ஒரு சீட்டு எழுதி உள்ள அனுப்பினேன்: "மூணாம் நம்பர்கிட்ட ஊசி பத்திக் கேளுங்க."

மூணாம் நம்பர் நீ.

நீ கொஞ்ச நேரம் தயங்கின. அந்த நேரத்துல கண்ணாடி ரூம் கதவைத் தொறந்துட்டு உன் சூப்பர்வைசர் வந்தார். அப்பவே ஓடி வந்து நிறுத்தியிருக்கலாம். நான் நாற்காலிய நகர்த்திப் போட்டு அவருக்கு இடம் குடுத்தேன். அப்புறம்தான் நீ பேசின. ஆஸ்பத்திரி போர்வைக்குள்ள ஊசி வர்றது, உன் கையில குத்தினது, "யார்கிட்டயும் மூச்சு விடாதே"ன்னு அவர் மிரட்டினது, எல்லாத்தையும் சொன்ன.

மன்னிப்பு கேக்கல. கேட்டா குடுத்துடுவியோன்னு பயமா இருக்கு.

தம்பி

---

மார்ச் 11

தம்பிக்கு,

நாலு வாட்டியும் குளிக்கத்தான் செஞ்சேன். ஆறு வருஷ சோப்பு நாத்தம் போக வேண்டாமா?

படிப்பைப் பாதில விட்ட, கூரியர் வேலையைப் பாதில விட்ட, செல்போன் கடையையும் விட்ட. இதுலயாவது நிலைச்சு நிக்கிறானேன்னு மாமாகிட்ட பெருமை பேசினேன். ஊசி விஷயத்தை அடுப்படில உக்காந்து உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். அதை நீ சீட்டுல எழுதியிருக்க.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நான் பேசினப்போ ஒருத்தியும் வாயைத் தொறக்கல. பக்கத்து மெஷின் சோடாபுட்டி, அவளுக்கும் ஊசி குத்தியிருக்கு, தரையையே பாத்துட்டிருந்தா. அடுத்த வாரம் அவளைத் தனியாக் கூப்பிட்டுப் பேட்டி எடுத்தீங்களாமே. தனியா என்ன சொன்னா? அவளும் சொல்லியிருந்தா மேனேஜர் முன்னாடி போய் நிப்பேன். இல்லைன்னா நான்தான் பொய்க்காரி.

இதையாவது எனக்காக செய்.

இப்படிக்கு,
மூணாம் நம்பர்

---

மார்ச் 20

அக்கா,

சோடாபுட்டி பேட்டியை டேப்ல கேட்டு எழுதினதே நான்தான். ஒவ்வொரு வார்த்தையும் தெரியும். உனக்காக ஒரு பக்கம் எழுதி, கவர்ல போட்டு ஒட்டியும் ஆச்சு. அப்புறம் கிழிச்சுட்டேன்.

பேட்டி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அவ கேக்குறா, "இது யார் காதுக்கும் போகாதில்ல?" மேடம் சொல்றாங்க, "போகாதும்மா." உன்கிட்ட நான் சொன்ன அதே வார்த்தை அக்கா. அதே இழுவை.

சொல்ல மாட்டேன். திட்டு. இவ்வளவு நாள் வாயை வச்சுட்டு சும்மா இல்லாதவன், உனக்கு வேணுங்கிறப்போ பாத்து மூடிக்கிறானேன்னு தோணும். எனக்கே தோணுது.

என்கிட்ட இருக்கிறதைத்தான் தர முடியும். கண்ணாடி, சூப்பர்வைசர், சீட்டு, உனக்குச் சொன்ன பொய், எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்து போட்டு இதோட வச்சிருக்கேன். தொழிலாளர் ஆபீஸ்ல குடு. என் பேரை எங்க வேணா சொல்லு. மேடத்துக்கும் ஒண்ணு குடுத்தேன். படிச்சுட்டு, "நாளைலேர்ந்து வராதே"ன்னாங்க. இந்தத் தடவை நானா விடல, பாத்துக்கோ.

சோடாபுட்டி வீடு உனக்குத் தெரியும். நீயே போய்க் கேளு. அவ மூக்கு மேல இருக்கிறதைத் தவிர நடுவுல வேற கண்ணாடி வேண்டாம்.

தம்பி

---

ஏப்ரல் 2

தம்பி,

போனேன். கதவைப் பாதிதான் தொறந்தா. "உன் தம்பி சொல்லித்தானே வந்திருக்க?"ன்னா. அவன் வாயே தொறக்கலடின்னேன். "ஒரு வார்த்தை கூடவா?" நம்பல. உன் கடுதாசியை எடுத்து நீட்டினேன். கண்ணாடியை முந்தானைல துடைச்சுட்டு ரெண்டு தடவை படிச்சா. அப்புறம் கதவை முழுசாத் தொறந்தா.

என்ன சொன்னான்னு நானும் எழுத மாட்டேன்.

திங்கக்கிழமை அவளும் என்கூட தொழிலாளர் ஆபீசுக்கு வர்றா. என் வேலை திரும்பக் கிடைக்குமோ, அவ வேலையும் போயிடுமோ, தெரியல.

உன்மேல கோவம் போகல. அந்தச் சீட்டைக் கூட ஒரு நாள் மறந்துடுவேன்னு நினைக்கிறேன். நாற்காலிய நகர்த்திப் போட்டேன்னு எழுதினியே, அதை எழுதாம இருந்திருக்கலாம். பாத்திரம் தேய்க்கும்போது, துணி மடிக்கும்போது, அது தரையில இழுபடுற சத்தம் கேக்குது.

போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். எழுது.

அக்கா