அட்டை வீட்டு வாசலில் அப்பா

என்னங்க,

டியூட்டிக்குக் கிளம்பிட்டேன், உங்களை எழுப்ப மனசு வரலை. அடுப்பு மேல கிண்ணத்துல இருக்கிறது கஞ்சி இல்ல, மைதாப் பசை. போன லீவுல மாதிரி உப்புப் போட்டுக் குடிச்சுத் தொலைக்காதீங்க!

நேத்து ராத்திரி குப்பைன்னு நீங்க கத்துன அட்டைப்பெட்டியை, நீங்க கோவிச்சுக்கிட்டு ஹால்ல போய்ப் படுத்ததுக்கு அப்புறம், நம்ம பொண்ணு குட்டி வீடாக்கிட்டா. கூரைக்கு மேல நூல்ல தொங்குற பஞ்சு மேகம். ஃபேன் போட்டா வீடே மிதக்குது. பஸ்ஸை மறந்து பார்த்துக்கிட்டே நின்னேன்.

துணி கிளிப்புல மூணு பொம்மை. நானும் அவளும் உள்ள, நீங்க வாசல்ல. அவ தூங்கப் போறப்ப "ஏண்டி?"ன்னேன். "அப்பாதான் வெளிய படுத்துக்கிட்டாரே"ன்னா.

உங்க பொம்மையை நான் தொடலை. அவ எழுந்ததும், அவ பார்க்க நீங்களே உள்ள ஒட்டுங்க.

பி.கு.: என் பொம்மையைக் கொஞ்சம் தள்ளி வச்சிருக்கேன். இடம் இருக்கு.