வகுப்பில் ஹை சொல்லும் மகனுக்கு

குருண் பக்கத்துத் தோட்டம்,
மாசி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் கார்த்திகேசுவுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை புஷ்பவள்ளி எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் உயிரோடு நலம், பினாங்கு ஜப்பான் பள்ளியில் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். அரிசியைப் பார்த்து நாளாகிறது, மரவள்ளிக்கிழங்கும் தஞ்சோங் டாவாய்க் கருவாடும்தான், அதிலும் இவள் தன் பங்கை என் தட்டில் தள்ளிவிடுகிறாள்.

நீ எழுதியதை இவள் படித்துக் காட்டினாள். ஜப்பான் வாத்தியார் பேசுவதில் பாதிதான் விளங்குகிறது, எல்லோரும் ஹை, அதாவது ஆமாம், என்றால் நானும் ஹை என்று தலையாட்டிவிடுகிறேன் என்று வேடிக்கைபோல எழுதியிருக்கிறாய். பரீட்சையில் தேறாதவர்களைச் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு அனுப்புவார்களாம் என்று அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறாய். அன்றைக்கு எனக்குக் கிழங்கு இறங்கவில்லை.

உன் அப்பா போன கதையை நான் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. விடியற்காலைப் பிரட்டில் ஜப்பான்காரன் வந்து நின்று நீளமாகப் பேசினான், தோட்டத்தில் பெயர் எழுதும் கிராணி தர்மலிங்கம் அதைத் தமிழில் சொன்னார். வேலைக்குப் பெயர் கூப்பிடும் அந்த இடத்தில் நம் ஆட்கள் தங்கள் பெயருக்கு மட்டும்தான் காது கொடுப்பார்கள், உனக்கே தெரியும். உன் அப்பா மழை வருமா, ரப்பர் மரம் ஈரமா என்று நம் அடுத்த வீட்டு அம்மாசியோடு பேசிக்கொண்டிருந்தார். பெயரைக் கேட்டதும் தினமும் சொல்வதுபோல வந்தேன் ஐயா என்றார். சயாமுக்குப் போகச் சம்மதமா என்று கேட்டுக் கூப்பிட்ட பெயர் அது. அம்மாசியும் அப்படியே சொன்னான். கிராணியிடம் அழுதுகொண்டு ஓடினேன். அவரே வாயால சொன்னாரேம்மா, எழுதிட்டாங்க, நான் என்ன செய்ய என்று கிராணி தரையைப் பார்த்துச் சொன்னார்.

அம்மாசி போன மாதம் எப்படியோ தப்பி வந்துவிட்டான். உன் அப்பாவைப் பற்றிக் கேட்டால் வெளியே போய்விடுகிறான். யாராவது தங்கள் பிள்ளையைக் குளிக்கக் கூப்பிட்டால்கூட எழுந்து விறைத்து நின்று வந்தேன் ஐயா என்கிறான். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் அந்தக் குரல் சில வேளை உன் அப்பா குரலாகவே இருக்கிறது, நான் போய்க் கதவைத் திறந்துவிடுகிறேன்.

உன் தங்கைக்கு மூன்றாம் வகுப்போடு படிப்பு போயிற்று. ஆனாலும் பிரட்டில் சொன்னதை ஒன்று விடாமல் என் காதில் சொல்கிறாள், நான் லயத்து வீடுகளுக்கெல்லாம் சொல்கிறேன். எப்படியடி என்று கேட்டேன். நான்தான் பேசப் போறதில்லையேம்மா, பதிலை யோசிக்க வேண்டாம், அதான் எல்லாம் காதுல விழுது என்றாள். இதை எழுதவும் வெட்கப்படுகிறாள், நான் விடவில்லை. நீயும் அப்படிக் கேள். முன்வரிசையில் உட்கார். வாத்தியார் என்ன நடத்தப் போகிறார் என்று மூத்த மாணவர்களிடம் முதலிலேயே விசாரித்துக்கொள். ஒரு சொல் விளங்கவில்லை என்று அதிலேயே நின்றுவிடாதே, அதற்குள் பத்துச் சொல் போய்விடும் என்கிறாள் இவள். அவர் இரண்டு தடவை சொல்வதைப் பிடித்துக்கொள். வகுப்பு விட்டதும் ஊர்க்கதை பேசாமல், கேட்டதை யாரிடமாவது உன் வாயால் சொல்லிப் பார். விளங்காததற்கு மட்டும் ஹை சொல்லாதே கண்ணு. விளங்கவில்லை என்பதை அவர்கள் பாஷையில் எப்படிச் சொல்வது என்று முதலில் படி. அறைந்தால் வாங்கிக்கொள், கன்னம் ஆறிவிடும்.

இதை லாரிக்கார நடராஜா கையில் கொடுத்தனுப்புகிறேன், படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. தலையில் எண்ணெய் வை. நீ நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா மருதம்மாள்

அண்ணா, இது நான். அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டவில்லை. நேற்றுப் பிரட்டில் ஜப்பான்காரனிடம் கிராணி அடுத்து சயாம் போகிறவர்களின் பெயர்களைச் சொன்னார், உன் பெயரும் இருந்தது. பரீட்சையில் தேறினால் உன் பெயரை நீக்கிவிடுவார்களாம். நன்றாகக் கேள், அண்ணா.

புஷ்பவள்ளி