ஜரிகை தாங்காத சூடு

1997 டிசம்பர் 11, வியாழன்

காலையில் கரண்டு அடுப்பின் சுருள்கம்பி அறுந்துவிட்டது. நான் குளிக்கப் போயிருந்தேன். தறியில் இழை அறுந்தால் முறுக்கிப் பிணைப்பாரே, அதே மாதிரி என் வீட்டுக்காரர் இரண்டு முனையையும் ஜரிகையால் பிணைத்து சுவிட்சைப் போட்டிருக்கிறார். பட்டென்று நீல வெளிச்சம். ஈரத்தலையோடு ஓடி வந்தேன். ஜரிகை இருந்த இடத்தில் ஒரு கரிப்பொட்டுதான் மிச்சம்.

“கரண்டுல போயி விளையாடிகினு இருக்கீங்களே, ஏதாவது ஆயிருந்தா?” என்று கத்தினேன்.

அவர் காதில் அது விழவே இல்லை. “அசல் வெள்ளிடி! கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள பூடுச்சே” என்றார்.

மத்தியானம் எலக்ட்ரிக் கடைக்காரர் வந்து புதுச் சுருள் மாட்டினார். “இது நிக்ரோம் கம்பிம்மா. நிக்கலும் குரோமியமும் கலந்தது. சூடு ஏறினா தன் மேல தானே ஒரு தோலு போத்திக்கும். அதான் செவசெவன்னு ஆனாலும் கருகிப் போறதில்ல” என்றார்.

இத்தனை நாள் அதில் சோறு வடித்தும் அந்தக் கம்பியை நான் நின்று பார்த்ததில்லை. சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டு இருவரும் அதன் எதிரே குந்தியிருந்தோம். சுருள் சுருளாகச் சிவந்து வந்தது. சாமி முன்னால் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஆறியதும் பழையபடி வெறும் சாம்பல் நிறம். வெள்ளியைத்தான் பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம்.

இவர் தூங்கிவிட்டார். விரல் நுனி பொசுங்கியிருப்பதை இப்போதுதான் பார்த்தேன். தேங்காயெண்ணெய் தடவினேன். விழிக்காமலே கையை இழுத்துக்கொண்டார்.