கோதண்டராமன் விழுந்து கிடந்த நேரம்

சுங்குவார்சத்திரம்
11-11-1991

அன்பு மகள் பிரவீனாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். மஸ்கட்டில் நீ சுகமாக இருக்கவேண்டும் என்று உன் அம்மா மாதாவுக்குக் காலையும் மாலையும் நினைவூட்டிக்கொண்டிருக்கிறாள். மறந்துவிடக்கூடியவர் என்று எண்ணுகிறாள் போலும். மழை நன்றாகப் பெய்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் இன்னும் இரண்டு கம்பெனிகளுக்குக் காம்பவுண்டுச் சுவர் எழும்பிவிட்டது. உள்ளே என்ன செய்யப்போகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் வேலைக்கு மனு எல்லோரும் போட்டாயிற்று. உனக்கு இருமல் என்று எழுதியிருந்தாய், ஈரத் தலையோடு ஏசி அறையில் படுக்காதே.

நீ அனுப்பிய கைக்கடிகாரம் வந்தது. அதனால் இங்கே ஒரு காரியம் நடந்துவிட்டது, மற்றவர்கள் எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். 1961-இல் காஞ்சிபுரம் மைதானத்தில் ஜில்லா சாம்பியன் பட்டத்துக்கான குத்துச்சண்டையில் உன் மாமா சாம்சன் சேரப்பணஞ்சேரி கோதண்டராமனை நாலாவது ரவுண்டில் வீழ்த்திய கதை நீ தொட்டிலிலிருந்தே கேட்டது. விழுந்தவன் பத்து விநாடிக்குள் எழாவிட்டால் தோற்றான். கடிகாரம் பார்த்து மணியடிக்க ஒரு யோக்கியமான ஆள் வேண்டுமென்று பள்ளிக்கூட வாத்தியாரான என்னை உட்காரவைத்திருந்தார்கள். நான் மணியடித்தேன். சாம்சனுக்குப் பட்டமும், பட்டத்துக்காகச் சென்னையில் ஒரு மில் வேலையும் கிடைத்தன. அந்த மகிழ்ச்சியில் உன் தாத்தா அடுத்த தையில் தன் மகளை எனக்குக் கொடுத்தார்.

ஆண்டுதோறும் அந்த நாளில் மாரியின் டீக்கடையில் ரசிகர்கள் கூடுவார்கள். அந்த இடதுகைக் குத்தை ஒருவர் காற்றில் போட்டுக் காட்டுவார், பிறகு எல்லோரும் அன்று மைதானத்தில் எண்ணியபடியே ஒன்றிலிருந்து பத்துவரை உரக்க எண்ணுவார்கள். அன்று சண்டையைப் பார்த்தவர்கள் முந்நூறு பேர். நேரில் பார்த்ததாகச் சொல்பவர்கள் இப்போது ஆயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். இந்த மூன்றாம் தேதி, புதுக் கடிகாரத்தைக் காட்டும் ஆசையில், அவர்கள் எண்ணத் தொடங்கியதும் விநாடிப் பொத்தானை அழுத்தினேன். பத்து என்றபோது ஆறரை விநாடிதான் ஆகியிருந்தது. மறுபடி எண்ணச் சொன்னேன், ஆறரைதான். முப்பது வருடமாக எனக்கு நானே சொல்லாமல் வைத்திருந்ததை அப்போது ஒப்புக்கொண்டேன். அன்று நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கூட்டம் பத்து என்றது, அடித்துவிட்டேன்.

கோதண்டராமன் இப்போது ஒரகடம் சாலையில் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன். மறுநாள் பஸ் ஏறிப்போய்ச் சொன்னேன். அவன் ஒரு லாரியை உள்ளே விட்டு, நம்பர் எழுதிக்கொண்டு, அப்புறம்தான் பேசினான். வாத்தியாரே, வெளியே கத்தறத கேக்காத, மனசுலயே எண்ணுன்னு பழக்கியிருந்தாங்க, எட்டு வரைக்கும் மூச்சு வாங்கிகினு எழுந்துக்கலாம்னு முட்டி போட்டுகினு இருந்தேன், ஆறு எண்ணறேன், மணி அடிக்குது, சரி நம்ம மண்டைதான் கலங்கிப்போச்சின்னு அன்னியோட கிளவுஸ கழட்டிட்டேன், எங்க வூட்டுக்காரி பாஞ்சாலி இன்னிக்கும் பத்து வரைக்கும் எண்ணத் தெரியாதவன்னுதான் சொல்றா என்றான். கோபித்துக்கொள்ளவில்லை. அத டீக்கடையில எண்ணறவங்க எதிர்ல ஒரு தபா சொல்லிடு, போதும் என்றான்.

உன் அம்மாவிடம் சனிக்கிழமையே சொன்னேன். அண்ணன் விஷயமாயிற்றே, பிறகு அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் காலையில் வெளுத்த வேட்டி எடுத்துவைத்திருந்தாள். நேற்றுப் பூசை முடிந்ததும் கோதண்டராமனைக் கூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய், வரச்சொல்லியிருந்த ரசிகர்கள், உன் மாமா எல்லோர் எதிரிலும் சொன்னேன். ஃபாரின் வாட்ச்சு நம்ம ஊர் சூட்டுக்கு ஸ்லோவாத்தான் ஓடும் என்றான் சின்னப்பையன் என்ற ரசிகன். அவன் சண்டை நடந்த வருடத்தில் பிறந்தவன். இன்னொருவர், இன்னா வாத்தியாரே, பொண்ணக் கட்டிகினு முப்பது வருசம் கழிச்சு சொல்ற என்றார். உன் மாமா மட்டும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, எழுந்திருந்தா அடுத்து இன்னா போட்டிருப்ப என்று கோதண்டராமனைக் கேட்டார்.

அவன் தொப்பியைக் கழற்றி பெஞ்சில் வைத்தான். அரையடி பின்வாங்கி, இடது தோளைத் தாழ்த்தி, வலது கையைக் கீழேயிருந்து மெதுவாகக் கொண்டுவந்து உன் மாமாவின் தாடைக்குக் கீழே நிறுத்தினான். முப்பது வருடம் அந்தச் சண்டையைப் பற்றிப் பேசிய நாங்கள் யாரும் பார்க்காத குத்து அது. உன் மாமா நகரவில்லை. விழுந்திருப்பேன் என்றார்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் எப்போதும்போல சாம்பியன் மாமா என்று எழுதலாமா என்று யோசிப்பாய். எழுது. சேரப்பணஞ்சேரி கோதண்டராமனுக்கும் அதேபோல் சாம்பியன் என்று போட்டு ஓர் அட்டை எழுது, பாஞ்சாலி படிக்கும்படி பெரிய எழுத்தில். இருமல் மருந்தை நிறுத்தாதே. ஆண்டவர் உன்னைக் காப்பாராக.

ஆசிகளுடன்
உன் அப்பா
ஜீவானந்தம்