விமலசேனவுக்கு நான் கொடாத கடிதம்

குருநாகல்
19.08.2023, சனிக்கிழமை, காலை 7.10
கடித இல. 31

அன்புள்ள வினிபிரட்டுக்கு,

கர்த்தரின் கிருபையால் சுகம். உமது முழங்கால் வீக்கம் எத்தனையாம் தேதி வற்றியது என்று எழுதவும்.

வியாழனன்று எமது மொழிபெயர்ப்புக் கந்தோருக்கு விமலசேன என்ற ஓய்வுபெற்ற சிப்பாய் வந்தார். வெளிநாடு செல்லும் மகளின் பிறப்புச் சான்றிதழையும் தமது சேவைப் பத்திரத்தையும் ஆங்கிலத்தில் கேட்டார். 1990இல், இயக்கத்தில் இருந்தபோது நான் காவல்காத்த கைதி அவர். தாடியில்லாத என்னை அவர் அடையாளம் காணவில்லை.

"மறியலில அடைபட்டுக் கிடந்து படிச்ச தமிழ், ஐயா," என்று சிரித்தார். "மகள் பிறந்த சேதி எழுதின கடிதம் ஒன்பது மாசம் கழிச்சுத்தான் கிடைச்சது. உங்கட தபால்காரன் ஆமையிலயோ வந்தவன்?"

அதை மறித்து வைத்திருந்தவன் நான். தம்பி பிறேமைக் கொன்ற ஷெல் அவருடைய முகாமிலிருந்து வந்தது. அவரை வெறுக்க எனக்கு அதுவே போதுமாயிருந்தது. தம்பி இறந்தது 12.02.1987. விமலசேன படையிற் சேர்ந்ததோ 04.03.1988 என்று என் கையாலேயே மொழிபெயர்த்தேன். எதற்கும் தேதி கேட்கும் நான் அவரிடம் மட்டும் கேட்கவில்லை. முன்னமே சேர்ந்திருந்தாலும், அந்தக் குழந்தை என்ன செய்தது?

03.09.2023 அன்று மகளுடன் நயினாதீவு விகாரைக்கு வருகிறார். போகும் வழியில் எமது வீட்டில் உமது கையால் மதியம் சாப்பிடும்படி அழைத்துவிட்டேன். எனக்கு லீவு இல்லை என்றேன். உண்மையில் நான் லீவு கேட்கவேயில்லை.

ஒடியல் மா சிறிது அனுப்பவும். தனியே சமைத்து உண்பது அலுத்துவிட்டது. தபால் எடுக்கும் நேரமாகிறது.

உமது,
அருள்நேசன்

இணைப்புகள்:
1. முழங்காலுக்கு ஒட்டும் மருந்துப் பிளாஸ்டர், நான்கு.
2. நான் செய்ததை ஒப்புக்கொண்டு விமலசேனவுக்குச் சிங்களத்தில் எழுதிய கடிதம். அவர் சோற்றில் கைவைக்க முன் கொடுக்கவும்.