குப்பைக்குழிக்குப் போன உப்போலைகள்

அலை கால் கழுவ, உப்பங்காற்றுக் கவரி வீச, அலைவாய் நாட்டை ஆளும் நெடுங்கழி வேந்தர் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் காரி நம்பன் வரைந்தது. வெண்குன்ற நாட்டுக் கோட்டை வாயிலைக் காக்கும் பூதன் தேவனாருக்கு வாழ்த்து. உமது வேல் துருவேறாதிருக்க; உமது மதில் ஓங்குக; உமது மூக்கு மட்டும் சற்றே தாழ்க.

முன்னைய ஓலைகளை உம் அரசருக்கே எழுதினோம். அவற்றை வாயிலிலேயே நீர் முகர்ந்து பார்த்து மதிலடிக் குப்பைக்குழியில் எறிந்தீர் என அறிந்தபின், எழுத வேண்டிய ஆள் நீரே என்று தெளிந்தோம். எம் உப்புப் படகுகள் சரக்கிறக்க அனுமதி கேட்டு உமது ஆற்றுத்துறையில் நிற்கின்றன. மேற்கே மேகம் கறுக்கிறது. உம் அரசரோ உப்பில்லாக் கஞ்சியை முகஞ்சுளித்துக் குடித்தபடி, அலைவாயார் ஏன் வாய் திறக்கவில்லை என்று அவையில் கேட்கிறாராம். திறந்த வாயைத்தான் ஐயா நீர் குழியில் போட்டு மூடினீர்!

உமது குற்றச்சாட்டுகள் எம் தூதர் வழியே எட்டின. ஓலையின் தலைப்பில் குங்குமக் குழம்பால் உப்போ உப்பு என மும்முறை கூவியிருந்தோம் என்றீராம். மும்முறை கூவாத உப்பு தெருவில் விலைபோகாது என்பது எம் நாட்டு வழக்கு. அதை ஓலைக்கும் ஏற்றியது எம் எழுத்தர்களின் ஊக்கம். ஒரே ஓலையைப் படியெடுத்து அரசருக்கும், அரண்மனை வண்ணாருக்கும், சென்ற ஆண்டே சிவபதம் அடைந்த அமைச்சருக்கும் ஒரே நாளில் அனுப்பினோம் என்றீராம். அமைச்சர் மறுமொழி தராததை நாம் ஆணவம் என்றல்லவா எண்ணியிருந்தோம்! எம் பெயரைச் சொல்லி எவனோ, பாட்டனார் புதைத்த பொற்குடம் எம்மிடம் இருப்பதாக உம் மக்களுக்கு ஓலை விடுகிறான் என்றீராம். அவன் நாமல்லோம். அவன் ஓலை அத்தனை பணிவாக இருந்ததாமே, அதிலேயே தெரிந்திருக்க வேண்டாமா?

ஆகவே இனி எம் ஓலை வரும் வகை கேளும். எம் சுறாமுத்திரையின் அச்சு ஒன்றை இத்துடன் அனுப்பினோம். வரும் ஓலையை அதனோடு பொருத்திப் பாரும், பொருந்தாததை எம் பெயரே இருந்தாலும் தீயிலிடும். கேட்டவருக்கே எழுதுவோம், வேண்டாமென்று ஒரு சொல் வந்தால் அவ்வீட்டுத் திசையில் தலைவைத்தும் படுக்கோம். இறந்தாரை எழுப்போம். குங்குமம் கோயிலுக்கே. ஆனால் கூவுவதை மட்டும் விடோம்: ஒரேயொரு முறை, கடைசி வரியில், மெல்லக் கூவுவோம். அதுவும் குற்றமென்றால் அந்தத் துருவேறாத வேலைக் கையில் எடும், பார்த்துவிடுவோம்.

இவ்வோலையை மழைக்கு முன் உம் அரசர் திருமுன் வைக்கக் கடவீர். இதையும் குழியில் இட்டீராயின், மழை ஓய்ந்தபின் உம் ஆற்றில் ஒரு கை அள்ளிக் குடித்துப் பாரும். எம் சரக்கு முழுவதும் வந்து சேர்ந்ததற்கு உம் நாக்கே சான்று.

இதற்குச் சுறா சாட்சி, கடல் காவல்.

உப்போ உப்பு.